எழுத்து ஏறாத பிள்ளைக்கு அறிவில்லை என்று யார் சொன்னது?



இந்தப் பகுதியில் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, எலிக் காய்ச்சல் என்று பல நோய்களைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இம்முறை எந்த மருந்துச் சீசாவிலும் அடங்காத ஒரு விஷயத்தை எடுத்துக் கொள்கிறேன். இது நோயல்ல. காய்ச்சல் வராது, இரத்தம் வராது. ஆனால் இதனால் நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அடி வாங்கியிருக்கிறார்கள், பள்ளியை விட்டு ஓடியிருக்கிறார்கள், ‘மக்கு’ என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டே வளர்ந்து பெரியவர்களாகியும் இருக்கிறார்கள். கற்றல் குறைபாடு என்று இதற்குப் பெயர்.

நான் செய்த ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறேன். ஊர் பேரும் ஆள் பேரும் வேண்டாம்.

திங்கட்கிழமை வயிற்று வலி

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் நான் வேலை செய்யும் தோட்டத்தின் ஆஸ்பத்திரி இரண்டே அறை. காலையில் பெரட்டு முடிந்து ஆட்கள் காட்டுக்குப் போன பிறகு தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வயிற்று வலி என்று அடிக்கடி வந்தான். வயிற்றை அமுக்கிப் பார்த்தால் மெதுவாக இருக்கும். காய்ச்சல் கிடையாது, பேதி கிடையாது. பூச்சி மருந்து கொடுத்தேன், வயிற்றுப் புண்ணுக்கு உள்ள மருந்தையும் கொடுத்தேன். பத்து மணிக்கெல்லாம் அவன் லயத்துப் பக்கம் பந்து உதைத்துக்கொண்டிருப்பான்.

“ஒன்னும் இல்லம்மா, பள்ளிக்கூடம் போகாம இருக்க நாடகம் போடறான்” என்று தாயாரிடம் சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி அவனுக்கு அடி விழுந்தது. அடுத்த முறை வந்தபோது கெண்டைக்காலில் பிரம்புத் தழும்பு மூன்று கோடாக இருந்தது. அந்த அடிக்கு நானும் பொறுப்பாளி.

அன்றுதான் புத்தி வந்து என் வருகைப் புத்தகத்தைப் புரட்டினேன். அவன் வந்த நாளெல்லாம் திங்கட்கிழமை!

“தம்பி, திங்கட்கிழமை பள்ளியில என்ன நடக்கும்?”

“சொல்வதெழுதுதல் சார்.”

அந்தப் பையன் மந்தமான பிள்ளையா என்றால், இல்லவே இல்லை. அவன் பாட்டிக்கு மூன்று வகை மாத்திரை. எதைக் காலையில் கொடுப்பது, எதைச் சாப்பிட்ட பிறகு கொடுப்பது என்று நிறத்தையும் வடிவத்தையும் வைத்து ஒரு நாளும் தவறாமல் கொடுப்பவன் அவன்தான். ஆனால் மாத்திரைப் பையின் மேல் நான் எழுதியிருந்த ‘காலை’ என்ற சொல்லைப் படிக்கச் சொன்னேன். வெகு நேரம் பார்த்தான். “கலை” என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து, “தப்பா சார்?” என்று கேட்டான்.

கற்றல் குறைபாடு என்றால் என்ன?

பார்வை நன்றாக இருக்கிறது, காது நன்றாகக் கேட்கிறது, புத்தியும் வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது, பள்ளிக்கும் ஒழுங்காகப் போகிறான். அப்படியிருந்தும் படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் மற்றப் பிள்ளைகளைப் போல வரவில்லை என்றால், அது குறிப்பிட்ட கற்றல் குறைபாடாக இருக்கலாம். வாசிப்பில் வருவதை டிஸ்லெக்சியா என்றும், எழுதுவதில் வருவதை டிஸ்கிராஃபியா என்றும், கணக்கில் வருவதை டிஸ்கல்குலியா என்றும் டாக்டர்கள் சொல்வார்கள். சில பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். இவற்றில் அதிகம் காணப்படுவது டிஸ்லெக்சியா.

நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பிள்ளைகளுக்கு இது ஏதோ ஓர் அளவில் இருக்கிறது என்று பொதுவாகக் கணக்குச் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் முப்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு மூன்று பேர். அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் பின் பெஞ்சியில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

இது புதிதாக வந்த வெள்ளைக்கார வியாதி என்று நினைக்க வேண்டாம். 1896-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் பிரிங்கிள் மோர்கன் என்ற டாக்டர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அவன் கெட்டிக்காரன், விளையாட்டிலும் குறைவில்லை, எழுத்து மட்டும் ஏறவில்லை. பாடத்தை முழுக்க வாயால் சொல்லிக் கொடுத்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல்வனாக வருவான் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னாராம். நம் பக்கத்திலும் 1990-களின் தொடக்கத்தில் பெற்றோர்கள் சேர்ந்து சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கத்தைத் தொடங்கினார்கள். நம் நாட்டிலும் மலேசிய டிஸ்லெக்சியா சங்கம் இருக்கிறது. 2007-இல் வந்த ‘தாரே ஸமீன் பர்’ இந்திப் படத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிறுவனுக்கு இருந்ததும் இதுதான்.

தலைக்குள் என்ன நடக்கிறது?

பேச்சு பிள்ளைக்குத் தானாக வருகிறது. யாரும் பலகை வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. படிப்பு அப்படி வருவதில்லை. ‘அம்மா’ என்று சொல்லும் வாய்க்கு அது ஒரே சொல். படிக்கும் பிள்ளையோ அதை அ, ம், மா என்று மூன்று ஒலியாகப் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு ஒலிக்கும் உரிய வடிவத்தை நினைவில் வைக்க வேண்டும், பிறகு சேர்த்துச் சொல்லவும் வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூளையின் இடப்பக்கத்தில் இந்த வேலை சில மாதப் பழக்கத்தில் தானாக ஓட ஆரம்பித்துவிடும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இந்த ஒலி பிரிக்கும் வேலை மிக மெதுவாக நடக்கிறது. ஒரு வரி முடிப்பதற்குள் களைத்து, முதல் சொல்லை மறந்தே போய்விடுகிறான். அதனால்தான் நேற்றுப் படித்த சொல்லை இன்று புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கிறான். சோம்பேறித்தனத்தால் அப்படிச் செய்கிறான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

நம் தமிழ் எழுத்திலும் அவனுக்குச் சில சங்கடங்கள் உண்டு. மொத்தம் 247 எழுத்து. அது போகட்டும், ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’ என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒரு கால் போடவில்லை என்றால் பாடம் படமாகிறது, மாலை மலையாகிறது. இதோடு நம் பிள்ளைகள் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழியை ஒரே நேரத்தில் எழுதப் படிக்கப் பழக வேண்டியிருக்கிறது. மற்றப் பிள்ளைகள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். இவனுக்கோ ஒரே சிக்கல் மூன்று மடங்காகிறது.

இது குடும்பத்தில் ஓடும் விஷயம். அப்பாவுக்கு, மாமாவுக்கு, அண்ணனுக்கு இருந்திருக்கும். தாயார் வளர்த்த விதத்தாலோ, வாத்தியார் சரியில்லாததாலோ, தோட்டத்தில் பிறந்ததாலோ வருவதில்லை. கோலாலம்பூரில் டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் வரும். அங்கே சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள், நம்மிடம் தாமதமாகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அடையாளங்கள்

பள்ளிக்குப் போகும் முன்: பேச்சு தாமதமாக வருவது, நிறங்களின் பெயர், கிழமைகளின் பெயர் நினைவில் நிற்காதது, பாட்டில் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களைப் பிடிக்க முடியாதது.

ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரை: எழுத்தைத் தனியாகக் காட்டினால் சொல்வான், சேர்த்துப் படிக்க வராது. கால், கொம்பு, புள்ளியை விட்டுவிடுவான். ‘பட்டம்’ என்பதைப் ‘படம்’ என்பான். படத்தைப் பார்த்துக் கதையை ஊகித்துச் சொல்லிவிடுவான். ஆங்கிலச் சின்ன எழுத்தில் ‘பி’யையும் ‘டி’யையும் மாற்றுவான். பலகையிலிருந்து பார்த்து எழுத மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகும்.

நான்கு முதல் ஆறாம் ஆண்டு வரை: வாயால் கேட்டால் விடை சரியாக வரும், தாளில் ஒன்றும் இருக்காது. சத்தமாக வாசிக்கச் சொன்னால் கழிப்பறைக்கு ஓடுவான். சண்டை போடுவான் அல்லது கோமாளித்தனம் செய்வான். ‘மக்கு’ என்று பெயர் வாங்குவதைவிட ‘வாலு’ என்று பெயர் வாங்குவது அவனுக்கு மேலாகத் தெரிகிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. ஏழு வயது வரை எழுத்தைத் திருப்பி எழுதுவது எல்லாப் பிள்ளைக்கும் சகஜம், அதை வைத்துப் பயப்பட வேண்டாம். அதேபோல ல, ள, ழ மூன்றையும் மாற்றி எழுதுவதை மட்டும் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாமே ‘வாளப்பளம்’ என்று பேசினால் பிள்ளை எப்படி எழுதும்? பல அடையாளங்கள் சேர்ந்து, ஆறு மாதத்துக்கு மேலாக, சொல்லிக் கொடுத்தும் மாறாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

படிப்பு வராத பிள்ளைகள் எல்லாருக்கும் கற்றல் குறைபாடு என்று முத்திரை குத்தக் கூடாது. ஆஸ்பத்திரிக்காரன் என்ற முறையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இவற்றை:

கண்: பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறானா? ஒரு கண்ணாடியோடு தீர்ந்துபோன கேஸ்கள் உண்டு.

காது: அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வரும் பிள்ளைக்குக் கேட்கும் திறன் குறையும். ஒலி சரியாகக் கேட்காவிட்டால் எழுத்தும் சரியாக வராது.

இரத்தச் சோகை: கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், வெளுத்திருந்தால் கிளினிக்குக்கு வாருங்கள். வெறுங்காலோடு திரிந்து கொக்கிப் புழு ஏறிய பிள்ளைக்கும், பசியோடு பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் வகுப்பில் கவனம் நிற்காது.

வலிப்பு: பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் தொடரும் பிள்ளையை ‘பராக்குப் பார்க்கிறான்’ என்று திட்டாதீர்கள். அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம், அதற்கு நல்ல மருந்து இருக்கிறது.

தூக்கம்: கைத்தொலைபேசியோடு ராத்திரி பன்னிரண்டு மணி வரை விழித்திருக்கும் பிள்ளைக்கு எட்டு மணிப் பாடம் ஏறாது.

ஓர் இடத்தில் ஒரு நிமிடமும் நிற்காத பிள்ளைகளும், பேச்சு, நடை, விளையாட்டு எல்லாவற்றிலும் வயதுக்குப் பின்தங்கிய பிள்ளைகளும் வேறு வகை. அவர்களுக்கும் உதவி உண்டு, ஆனால் வழி வேறு. எது எது என்று பிரித்துச் சொல்வது டாக்டரின் வேலை. நானும் சொல்லக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரரும் சொல்லக் கூடாது.

வீண் செலவு வேண்டாம்

ஞாபக சக்தி மாத்திரை, மூளை டானிக், மந்திரித்த கயிறு என்று மாதச் சம்பளத்தில் பாதியைக் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். டிஸ்லெக்சியாவைத் தீர்க்கும் மாத்திரை உலகத்தில் எங்கும் கிடையாது. கோயிலுக்குப் போய் மனம் ஆறுதல் அடைவதை நான் குறை சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு வந்து ஆசிரியரையும் டாக்டரையும் பாருங்கள்.

அடித்தால் படிப்பு வரும் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். அந்தப் பையனின் அப்பாவை நான் கூப்பிட்டுப் பேசினேன். குலை வெட்டுவதில் கெட்டிக்காரர். எந்தக் குலை பழுத்திருக்கிறது என்று கீழே நின்றே சொல்வார். அவர் சொன்னார்:

“டிரசர், எனக்கும் அதே கதைதான். ஆறாம் வகுப்பு வரைக்கும் ஒக்காந்திருந்தேன். எழுத்து ஒன்னொன்னா தெரியும், சேர்த்துப் படின்னா வாய் வராது. வாத்தியார் அடிச்சார், அப்பாவும் அடிச்சார். அதான் இவனையும் அடிச்சேன். அடிச்சா வந்துடும்னு நெனச்சேன்.”

“உங்களுக்கு வந்துச்சா அண்ணே?”

வெகு நேரம் அவர் பேசவில்லை. பிறகு, “வரலை” என்றார். இத்தனை வருஷமாகச் சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரியாமல், கிராணி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்ததை அன்றுதான் சொன்னார். நமக்குள் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்! தோட்டம் கைமாறும்போதும், வேலை நிறுத்தி இழப்பீடு கொடுக்கும்போதும், எழுதியிருப்பதைப் படிக்க முடியாமல் கையெழுத்துப் போடுவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது சங்கத் தோழர்களுக்குத் தெரியும். இன்று ஒரு பிள்ளைக்கு எழுத்தைக் கொண்டு சேர்ப்பது நாளை ஒரு தொழிலாளியின் உரிமையைக் காப்பதாகும்.

வீட்டில் செய்யக்கூடியவை

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் இவற்றைச் செய்யலாம்.

1. மணலில் எழுதுங்கள். ஒரு தட்டில் மணலையோ அரிசியையோ பரப்பி, எழுத்தை விரலால் பெரிதாக எழுதிக்கொண்டே அதன் ஒலியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கண், காது, வாய், விரல் நான்கும் ஒன்றாக வேலை செய்கின்றன. 1930-களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற டாக்டரும் அன்னா கில்லிங்ஹம் என்ற ஆசிரியையும் வகுத்த முறையின் சாரம் இதுதான். நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதித்தானே படித்தார்கள்? 1790-களில் மதராஸ் எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் நம்மவர்களின் மணல் எழுத்தைப் பார்த்து, அதை இங்கிலாந்துக்கே கொண்டு போனார். நாம் மறந்ததை மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

2. கைதட்டிப் பிரியுங்கள். ‘செம்பனை’ என்று சொல்லி, செம்-ப-னை என்று மூன்று தட்டு. ‘கோழி’க்கு இரண்டு தட்டு. பிறகு, “கோழியில ‘கோ’வை எடுத்துட்டா என்ன மிச்சம்?” என்று கேளுங்கள். சமைத்துக்கொண்டே விளையாடலாம். ஒலி பிரிக்கும் பயிற்சி இதுதான்.

3. ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். சனிக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார வைப்பதால் பயன் இல்லை. ஒரு வாரத்துக்கு நான்கைந்து எழுத்து போதும். பழையது உறுதியான பிறகே புதியது.

4. ஒரே வடிவத்தில் சொல்லிக் கொடுங்கள். தாத்தா பாட்டி படித்த காலத்தில் ‘லை’, ‘னை’ போன்றவற்றுக்குத் துதிக்கை போட்ட எழுத்து இருந்தது. 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது, பிறகு நம் பள்ளிப் புத்தகங்களுக்கும் அது வந்தது. பாட்டி ஒன்றும் வாத்தியார் ஒன்றுமாகக் காட்டினால் ஏற்கெனவே தடுமாறும் பிள்ளை இன்னும் குழம்பும்.

5. படித்துக் காட்டுங்கள். அக்காளோ அண்ணனோ கதைப் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்க, இவன் விரல் வைத்துத் தொடரட்டும். யாரும் இல்லையென்றால் கதை சொல்லுங்கள். சொல் வளம் வளர்ந்தால் படிப்பும் பின்னால் வரும்.

6. அவனுக்கு வருகிறதைத் தேடுங்கள். சைக்கிள் கழற்றி மாட்டுவானா, உருமி அடிப்பானா, கோலம் போடுவாளா, பந்து ஆடுவானா? அதைப் பத்துப் பேர் முன்னால் பாராட்டுங்கள். தினமும் தோற்கிற பிள்ளைக்கு ஓர் இடத்திலாவது ஜெயிக்க வேண்டும்.

7. தம்பியோடு, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். விருந்தாளிகள் முன்னால் படிக்கச் சொல்லாதீர்கள்.

பள்ளியிலும் அரசாங்கத்திலும் என்ன உதவி?

வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். சண்டைக்குப் போவதுபோல் போகாமல், “சார், இவன் வீட்டில் இப்படி இருக்கிறான், வகுப்பில் எப்படி?” என்று கேளுங்கள். நம் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் பல சிறிய பள்ளிகள். அதில் ஒரு நன்மை, ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையையும் தெரியும். முதல் வரிசையில் உட்கார வைப்பது, வாயால் விடை கேட்பது, எழுத அதிக நேரம் கொடுப்பது, எழுத்துப் பிழைக்காக எல்லா மார்க்கையும் வெட்டாமல் இருப்பது, எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லாமல் இருப்பது ஆகியவற்றுக்குக் காசு செலவில்லை.

குறைநீக்கல் வகுப்பு வேறு, சிறப்புக் கல்வி வேறு என்பதை அறிந்துகொள்ள வேண்டும். வாசிப்பு, எழுத்து, கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளைச் சில மணி நேரம் தனியாக அழைத்துக் கற்பிப்பது குறைநீக்கல். அதிலும் பிடிபடவில்லை என்றால்தான் அடுத்த படி. ஆசிரியரிடம் டிஸ்லெக்சியாவுக்கென்று ஒரு சோதனைப் பட்டியல் இருக்கிறது, அதை நிரப்பித் தரச் சொல்லுங்கள். அதை எடுத்துக்கொண்டு அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போனால், அங்குள்ள டாக்டர் பார்த்துப் பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தை மருத்துவ நிபுணருக்கு எழுதிக் கொடுப்பார். பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது 2007 முதல் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் முதல் படி உங்கள் பக்கத்துக் கிளினிக்தான். தேதி கிடைக்க மாதங்கள் ஆகலாம். ஒரு நாள் வேலை போகிறதே என்று அந்தத் தேதியை விட்டுவிடாதீர்கள். மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டிவரும்.

டாக்டர் உறுதி செய்தால், சமூக நல இலாகாவில் ஓகேயூ அட்டைக்கு மனுச் செய்யலாம். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி இந்தப் பதிவு நடக்கிறது. கற்றல் குறைபாடு அதில் ஒரு தனிப் பிரிவு, டிஸ்லெக்சியாவும் அதில் அடங்கும். பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அது பெற்றோர் விருப்பம். கல்வி அமைச்சின் சிறப்புக் கல்வித் திட்டத்தில் பதிந்த மாணவருக்கு மாதம் 150 வெள்ளி உதவித் தொகை உண்டு. அரசாங்கச் சோதனைகளில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கும் முன்கூட்டியே மனுச் செய்யலாம்.

2013-ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிகளின்படி, பிள்ளைக்கு எந்த வகுப்பு பொருந்தும் என்று பார்க்க மூன்று மாதம் வரை சோதனைக் காலம் உண்டு. 2019 முதல் எந்தச் சிறப்புத் தேவையுள்ள பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்பது கல்வி அமைச்சின் கொள்கை. ஆகவே ‘இடமில்லை’ என்று யாராவது சொன்னால் மாவட்டக் கல்வி இலாகாவில் எழுத்து மூலம் கேளுங்கள். கடிதம் எழுதத் தெரியாவிட்டால் கிளைச் செயலாளரிடம் போங்கள். பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கு இந்த உதவிகள் எல்லாம் தடைப்படும் என்பதால், அதை இப்போதே சரி செய்ய ஆரம்பியுங்கள்.

கேள்வியும் பதிலும்

“டிரசரய்யா, ஓகேயூ அட்டை எடுத்தா நாளைக்குக் கல்யாணம் காட்சிக்குத் தடையாகாதா?” என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். அட்டை உங்கள் கைப்பையில் இருக்கும், பிள்ளையின் நெற்றியில் ஒட்டமாட்டார்கள். அட்டை இல்லாமல் படிப்பும் இல்லாமல் நிற்பதே பெரிய தடை.

“வயசானா தானா சரியாயிடுமா?” தானாகச் சரியாகாது. வாழ்நாள் முழுக்க இருக்கும். ஆனால் முறையாகச் சொல்லிக் கொடுத்தால் படிக்கப் பழகிக்கொள்வார்கள். முதல் மூன்று ஆண்டுக்குள் தொடங்கினால் நல்லது. ஆறாம் ஆண்டு முடித்து, மலாய் மொழியில் நடக்கும் புகுமுக வகுப்புக்கோ படிவம் ஒன்றுக்கோ போன பிறகு தொடங்குவது கஷ்டம். கஷ்டம் என்றாலும் காலம் கடந்துவிடவில்லை, பெரியவர்களும் கற்கலாம்.

“ஒரு மொழியை விட்டுட்டா சுமை குறையுமா? தமிழை நிறுத்திடலாமா?” அவசரப்பட வேண்டாம். வீட்டில் பேசும் மொழியில்தான் பிள்ளைக்கு ஒலியும் பொருளும் அதிகம் தெரியும். அதில் ஒலியைப் பிரிக்கக் கற்ற பிள்ளைக்கு மற்ற மொழிக்கும் அது கைகொடுக்கும். பள்ளி மாற்றுவது பற்றி நிபுணரையும் ஆசிரியரையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

முடிவாக

நம் வட்டாரம் செம்பனைக்குப் பேர் போன வட்டாரம். நம் நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்காகச் செம்பனை நட்டது 1917-இல், இங்கே தென்னமரம் தோட்டத்தில்தான். கன்று சரியாக வளராவிட்டால் நாற்றங்காலிலேயே கழித்துவிடுவார்கள், அது தோட்ட வழக்கம். பிள்ளைகளைக் கழிக்க நமக்கு உரிமை கிடையாது. மெதுவாக வளரும் பிள்ளைக்கு என்ன குறை, எந்த உரம் வேண்டும் என்று தேடுவது பெற்றோரின் கடமை, பள்ளியின் கடமை, சங்கத்தின் கடமை.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரி, கல்வி இலாகா என்று அலைந்து முடிய ஒரு வருஷத்துக்குப் பக்கமாகிவிட்டது. இப்போது ஐந்தாம் ஆண்டில் இருக்கிறான். இன்றும் வேகமாகப் படிக்க மாட்டான். சொல்வதெழுதுதலில் பத்துக்கு நான்கு, ஐந்து வாங்குகிறான். வகுப்பில் கடைசி வரிசையில் இருந்தவனை ஆசிரியர் தம் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார். பிரம்பை அவன் அப்பாவே ஒடித்து அடுப்பில் போட்டுவிட்டார்.

பாட்டிக்கு மாத்திரை வாங்க அவன் இன்னும் வருகிறான். பையின் மேல் நான் எழுதுவதை விரல் வைத்து, எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறான். திங்கட்கிழமை வயிற்று வலிக்கு மருந்து கேட்டு அவன் வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து லயத்திலோ திங்கட்கிழமை வயிற்று வலிக்காரர் யாராவது இருந்தால், அடிப்பதற்கு முன் கூட்டிக்கொண்டு வாருங்கள்.